கறுத்த வெள்ளி சொல்லும் சாட்சி

(ஃப்ரிபூர்க்கில் நடந்த எங்கள் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியை முழுக்கத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். பிறகு வந்த கேள்விகளில் இரண்டுக்கான பதில்களைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.)



"சர்கிட் போர்டில் வெள்ளிப் பூச்சு கறுத்துப்போவது" என்று தலைப்பை அறிவிச்சதும் சிலர் கேட்டீங்கள்: இது எங்கட கூட்டத்துக்கான தலைப்பா, இல்லாட்டி உன்ர லாப் பாடமா என்று. நியாயமான கேள்வி. பதிலை முதலே சொல்லிவிட்டுத் தொடங்குறன். ஒரு இடத்துக் காற்று கெட்டுப்போயிருக்கா என்று கண்டுபிடிக்க, கணினித் துறையிடம் மலிவான, நம்பகமான முறை ஒன்று இருக்கு. ஒரு சின்ன வெள்ளித் தகட்டை ஒரு மாதம் தொங்கவிட்டு, அது எவ்வளவு கறுத்திருக்கு என்று அளப்பார்கள். அந்த அளவை வைத்து சேர்வர்களைக் காப்பாற்றுவார்கள். அதே ஊரில் அதே காற்றைச் சுவாசிக்கிற ஆட்களுக்காக யாரும் அந்தத் தகட்டைத் தொங்கவிடுவதில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வேதியியல் கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம். பாதி விஷயம் உங்கட வீட்டு அலுமாரிக்குள்ளேயே இருக்கு.

அலுமாரிக்குள் இருக்கும் வெள்ளி

எங்கட வீடுகளில் எல்லாரிடமும் ஏதாவது ஒரு வெள்ளிச் சாமான் இருக்கும். முப்பத்தொன்றுக்குக் கட்டின அரைநாண், கொலுசு, குங்குமச் சிமிழ். இரண்டு வருசம் கழித்து வெளியே எடுத்தால் கறுத்திருக்கும். அம்மம்மாமார் திருநீறு போட்டுத் தேய்ப்பார்கள், திரும்பவும் பளபளக்கும்.

இதைப் பலர் துரு என்று நினைக்கிறார்கள். துரு என்பது இரும்பு, ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. வெள்ளிக்கும் ஆக்சிஜனுக்கும் பெரிய பகை இல்லை. வெள்ளியின் எதிரி கந்தகம். காற்றில் மிகக் குறைந்த அளவில் ஹைட்ரஜன் சல்பைட் இருந்தாலே போதும். அழுகின முட்டையின் மணம் இருக்கே, அந்த வாயுதான். அது வெள்ளியின் மேற்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்பைட் ஆகிறது. அதன் நிறம் கறுப்பு. அவித்த முட்டையை வெள்ளிக் கரண்டியால் சாப்பிட்டால் கரண்டி கறுப்பதும் இதனால்தான்.

கொலுசு கறுத்தால் பிரச்சினை இல்லை. அதில் வெள்ளி நிறைய இருக்கு. மேல் தோல் மட்டும்தான் மாறுது. ஆனால் வெள்ளி ஒரு மயிரிழையை விடப் பல நூறு மடங்கு மெல்லிசாக இருக்கிற இடத்தில் என்ன நடக்கும்? அப்படி ஒரு இடம் உங்கட கணினிக்குள் இருக்கக்கூடும்.

போர்டுக்கு வெள்ளி எப்படி வந்தது

சர்கிட் போர்டை எல்லாரும் பார்த்திருப்பீங்கள். பச்சைப் பலகை, உள்ளே செம்புத் தடங்கள். பச்சையாகத் தெரிவது செம்பை மூடியிருக்கிற பாதுகாப்புப் பூச்சு. சிப்பும் மற்றப் பாகங்களும் ஒட்ட வேண்டிய இடங்களில் மட்டும் அந்தப் பச்சையைத் திறந்து விட்டிருப்பார்கள். திறந்த செம்பு காற்றுப் பட்டால் மங்கிவிடும். மங்கின செம்பில் சோல்டர் சரியாகப் பிடிக்காது. அதனால் அந்த இடங்களுக்கு மேலே வேறொரு உலோகத்தைப் பூச வேண்டும்.

பல பத்தாண்டுகளாக அந்தப் பூச்சு ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையாக இருந்தது. பெயரில் குழம்பாதீங்கோ: வெள்ளீயம் வேறு, வெள்ளி வேறு. ஈயம் மலிவு, நன்றாக ஒட்டும், ஆனால் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2002/95 என்ற இலக்க ஆணையின் மூலம், 2006 ஜூலை 1 முதல் விற்பனைக்கு வருகிற பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் ஈயம், பாதரசம், கட்மியம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவில் விற்க வேண்டும் என்றால் ஆசியத் தொழிற்சாலையும் மாறியாக வேண்டும். அதனால் கிட்டத்தட்ட முழு உலகமும் மாறியது.

ஈயத்துக்குப் பதிலாகப் பல வழிகள் வந்தன. நிக்கலுக்கு மேலே தங்கம் பூசலாம், அது விலை. செம்புக்கு மேலே ஒரு கரிமப் படலம் போடலாம், அது மலிவு, ஆனால் தாங்கும் காலம் குறைவு. தனி வெள்ளீயம் பூசலாம். இவற்றுக்கு நடுவே வந்தது வெள்ளி. பலகையை வெள்ளி உப்புக் கரைசலில் முக்கினால் போதும், மின்சாரம் தேவையில்லை. செம்பு அணுக்கள் கரைசலுக்குள் போகும், அவற்றின் இடத்தில் வெள்ளி வந்து உட்காரும். செம்பு மூடப்பட்டதும் வேலை தானாகவே மெதுவாகி நின்றுவிடும். மட்டமான, வழுவழுப்பான, நன்றாக ஒட்டுகிற பூச்சு கிடைக்கும். தடிப்பு சுமார் 0.12 முதல் 0.4 மைக்ரோமீட்டர். மனித மயிர் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் தடிப்பு.

பிரெஞ்சில் வெள்ளிக்கும் காசுக்கும் ஒரே சொல்தான், ஆர்ஜான். இந்த ஊரில் வளர்ந்த எங்களுக்கு அது பழகின பகிடி. இங்கே அது பகிடி இல்லை. தங்கத்தில் மிச்சம் பிடித்த காசு, வெள்ளியாகப் போர்டில் உட்கார்ந்திருக்கு.

எங்கே பழுதாகுது

வெள்ளிப் பூச்சு மஞ்சளாகி, பழுப்பாகி, கறுப்பாகிறது முதல் கட்டம். பாகங்களைப் பொருத்துவதற்கு முதலே அப்படி ஆனால் சோல்டர் ஒட்டாது. அதனால்தான் இந்தப் பலகைகளைக் கந்தகம் இல்லாத தாளில் சுற்றி, காற்றுப் புகாத பைகளில் வைப்பார்கள். வெறும் கையால் தொடவும் விடமாட்டார்கள்.

பெரிய ஆபத்து இரண்டாவது கட்டம். பச்சைப் பூச்சு முடிகிற ஓரத்தில் சில நேரம் வெள்ளி முழுமையாக மூடாது. ஒரு நுண்ணிய பள்ளத்தில் செம்பு வெளியே தெரியும். கந்தக வாயுவும் ஈரமும் அங்கே வந்தால் செம்பு சல்பைட் உருவாகும். அது உருவான இடத்தில் சும்மா இருக்காது. பலகையின் மேற்பரப்பில் பாசி படர்வது மாதிரி நகர்ந்து போகும். அடுத்த இணைப்பைத் தொட்டதும் மின்சாரம் போகக்கூடாத வழியில் போகும், இயந்திரம் நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரின் பொருள் "ஊர்ந்து போகிற அரிப்பு".

மூன்றாவதாக ஒன்றும் இருக்கு. போர்டில் அரிசிமணியை விடச் சின்னதாக இருக்கிற மின்தடைகளின் உள்ளேயும் வெள்ளி இருக்கு. மூடியின் விளிம்பால் கந்தகம் உள்ளே போனால் அந்த வெள்ளி மெல்ல மெல்ல சல்பைட் ஆகி, கடைசியில் இணைப்பே அறுந்துவிடும். போர்டின் பூச்சு தங்கமாக இருந்தாலும் இந்தப் பழுது வரலாம்.

ஈயம் போய் வெள்ளி வந்த ஓரிரு வருடங்களுக்குள் இந்தப் பழுதுகள் பற்றிய கட்டுரைகள் வரத் தொடங்கின. பழுதான இடங்களின் பட்டியலைப் பாருங்கோ: கடதாசி ஆலை, டயர்த் தொழிற்சாலை, உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர் நிலையம். விசித்திரமான ஒன்று கார் வடிவமைப்புக் கூடம். அங்கே புதுக் காரின் உருவத்தைக் களிமண்ணில் செய்து பார்ப்பார்கள். அந்தக் களிமண்ணில் கந்தகம் இருக்கு. சூடாக்கும்போது அது வெளியே வரும். பக்கத்தில் இருந்த கணினிகள் சில வாரங்களிலேயே செத்துப்போயின. இந்தப் பட்டியலின் கடைசி வரியை மெதுவாகக் கேளுங்கோ: "காற்று மாசடைந்த நாடுகள்". ஒரு தொழிற்சாலையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் முழு நாடுகளே நிற்கின்றன.

தொங்கவிட்ட தகடு

துறை சும்மா இருக்கவில்லை. அஷ்ரே என்கிற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2011 இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, கந்தக வாயுக்கள் அதிகம் உள்ள இடங்களின் டேட்டா சென்டர்களில் பழுதுகள் கூடியிருப்பதைச் சொன்னது. காற்றை எப்படி அளப்பது? செம்புத் தகடு ஒன்று, வெள்ளித் தகடு ஒன்று. சுமார் 30 நாள் தொங்கவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஐஎஸ்ஏ என்கிற தானியங்கித் துறைச் சங்கத்தின் 2013 தர விதியின்படி, ஒரு மாதத்தில் செம்பில் உருவாகும் படலம் 300 அங்ஸ்ட்ரோமுக்குக் கீழும் வெள்ளியில் 200 அங்ஸ்ட்ரோமுக்குக் கீழும் இருந்தால் அந்த இடம் ஜி1, அதாவது "மென்மையான" சூழல். 200 அங்ஸ்ட்ரோம் என்றால் 0.02 மைக்ரோமீட்டர். அவ்வளவு நுணுக்கமாக அளக்கிறார்கள்.

அளவு தாண்டினால் என்ன செய்வார்கள்? அறைக்குள் வருகிற காற்றை ரசாயன வடிகட்டி வழியாக விடுவார்கள், கதவுகளை இறுக்குவார்கள், அறையின் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். இதைச் செய்யாமல் விடவும் முடியாது. ஏனென்றால் சேர்வர் விற்கிற நிறுவனங்கள் தங்கட வழிகாட்டியில் ஜி1 சூழல் வேண்டும் என்று எழுதி வைக்கின்றன. தகடு கறுத்தால் அடுத்து உத்தரவாதம் பற்றிய பேச்சு வரும், காசு பற்றிய பேச்சு வரும். அதாவது இந்தச் சாட்சி சொல்வதைக் கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் இருக்கிறார். இந்த வரியை மனதில் வைச்சிருங்கோ.

பெல்லந்தூர்

இப்ப பெங்களூருக்குப் போவம். இந்தியாவின் கணினித் தலைநகரம் என்று சொல்லப்படுகிற ஊர். அதன் தென்கிழக்கில் பெல்லந்தூர் ஏரி. சுற்றிவர ஐடி அலுவலகங்கள், அடுக்குமாடிகள். பல ஆண்டுகளாக நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் இந்த ஏரிக்குள் வந்தது. ஏரி நுரை தள்ளி, அந்த நுரை வீதிக்கு வந்த படங்களைப் பார்த்திருப்பீங்கள். 2017 பெப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரி தீப்பிடித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது.

தீயும் நுரையும் செய்தியானது. கரையில் வாழ்கிற ஆட்கள் இன்னொன்றையும் சொல்லி வந்தார்கள். வீட்டில் வெள்ளிப் பாத்திரமும் பித்தளை விளக்கும் துலக்கின கையோடு கறுக்குது. ஏசியின் செம்புக் குழாய் அரிபட்டு வாயு போகுது. டிவி பழுதாகுது, கணினி பழுதாகுது. திருத்த வாறவர் போர்டை மாற்றச் சொல்லுறார், மாற்றினதும் திரும்பப் பழுதாகுது.

இது ஏன் என்று இப்ப உங்களுக்கே தெரியும். ஆக்சிஜன் இல்லாத சாக்கடையில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைட்டை உண்டாக்கும். அது வீட்டுக்குள் வரும். வெள்ளி விளக்கைக் கறுக்கப் பண்ணுகிற அதே வேதியியல்தான் டிவிக்குள் இருக்கிற போர்டையும் தின்னுது. பூசை அறைச் சிமிழ் ஒரு அளவுத் தகடாகவே வேலை செய்திருக்கு. என்ன, அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆள் இல்லை. அந்த ஆட்கள் மூக்குப் பொத்திக்கொண்டு சொன்ன முறைப்பாடு "மணக்குது" என்கிற ஒரு சொல்லுக்குள் சுருங்கிப் போனது.

இதிலேயும் வர்க்கம் இருக்கு. ஏசி பழுதானால் சொல்ல ஏசி இருக்க வேணும். அதே ஏரிக்கரையில் தகரக் கொட்டகைகளில் இருக்கிற கட்டட வேலைக்காரருக்கும் வீட்டுவேலை செய்கிற பெண்களுக்கும் பழுதாக வெள்ளிச் சாமானே இருக்காது. அவர்களிடம் இருக்கிற ஒரே கருவி நுரையீரல். அதற்கு உத்தரவாத அட்டை இல்லை.

மூன்று, நூறு, ஒன்றுமில்லை

இப்ப மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பம்.

ஐஎஸ்ஏ விதியின்படி மின்னணுக் கருவிக்கு "மென்மையான" சூழல் என்றால், ஹைட்ரஜன் சல்பைட் நூறு கோடியில் 3 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும்.

மனிதருக்கு உலக சுகாதார நிறுவனம் 2000 இல் வெளியிட்ட ஐரோப்பாவுக்கான வழிகாட்டியில் சொன்ன 24 மணிநேரச் சராசரி, ஒரு கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம். அதை அதே அலகில் மாற்றினால் நூறு கோடியில் நூற்றுச்சொச்சம் பங்கு. மணத் தொல்லை வராமல் இருக்க வேண்டும் என்றால் அரை மணிநேரத்துக்கு 7 மைக்ரோகிராம் என்று தனியாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தியாவில் 2009 இல் அறிவிக்கப்பட்ட தேசிய காற்றுத் தர அளவுகளில் 12 மாசுகள் இருக்கு. ஈயம் இருக்கு, அமோனியா இருக்கு, பென்சீன் இருக்கு. ஹைட்ரஜன் சல்பைட் இல்லை. எண்ணே இல்லை.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கு 3, மனிதருக்கு 100 என்பதை மட்டும் வைத்து "பார், மனிதரை விட இயந்திரம் பெறுமதி" என்று சுலோகம் எழுதினால் அது மலிவான வாதம். உடல் தன்னைத் தானே திருத்தும், போர்டு திருத்தாது. போர்டு வருடக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும். அதனால் உலோகத்துக்குக் கடுமையான எண் வருவதில் அறிவியல் காரணம் இருக்கு. என்ர கோபம் 3 இலும் இல்லை, 100 இலும் இல்லை. மூன்றாவது எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதில்தான் இருக்கு. எண் இல்லாவிட்டால் யாரும் அளக்கத் தேவையில்லை. அளக்காவிட்டால் மீறலும் இல்லை.

அந்த வெறுமையான இடத்தில் ஆட்கள் சாகிறார்கள். ஏரிக்கரையில் சில பங்குகளாக இருக்கிற இதே வாயு, மூடின சாக்கடைக் குழிக்குள் பல்லாயிரம் மடங்காகத் திரண்டு நிற்கும். அளவு கூடினால் முதலில் மூக்கை மரக்கப் பண்ணும். மணம் நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். பிறகு ஒன்றிரண்டு மூச்சு போதும். காப்பாற்ற இறங்கின அடுத்தவரும் சாவார். மனிதரை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதைத் தடுக்கிற சட்டம் 2013 இல் வந்தது. 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. 2023 ஒக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இறக்கிவிடப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் தலித்துகள். இந்தச் சாவுகளின் அரச கணக்கில் தமிழ்நாடு முன் வரிசையில் நிற்கிறது. சேர்வர் அறைக்கு வாயு அளக்கிற கருவி வாங்க ஒரு நாட்டால் முடியுது, குழிக்குள் இறங்கினவனுக்கு ஒன்று வாங்க முடியவில்லை என்றால், அது தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை. சாதிப் பிரச்சினை.

செம்பு வந்த வழி

இன்னும் ஒரு படி பின்னால் போவம். போர்டில் இருக்கிற செம்பு எங்கே இருந்து வந்தது? உலகத்துச் செம்பில் பெரும்பகுதி சல்பைட் தாதுவில் இருந்து வருகிறது. மண்ணுக்குள் செம்பும் கந்தகமும் சேர்ந்தேதான் கிடக்கும். உருக்காலையின் வேலை இரண்டையும் பிரிப்பது. பிரிந்த கந்தகம் சல்பர் டை ஆக்சைடாகப் போகும். அதைப் பிடித்து அமிலமாக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் ஊருக்குள் போகும். கவனியுங்கோ, இது சாக்கடை வாயு இல்லை, கந்தகத்தின் வேறொரு வடிவம்.

இதைச் சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் வருகிற ஊர் தூத்துக்குடி. 2013 மார்ச் 23 காலமை கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று மக்கள் முறைப்பாடு செய்தார்கள். ஸ்டெர்லைட் ஆலையில் இருந்து வாயு கசிந்தது என்றார்கள். நிறுவனம் மறுத்தது. அடுத்த மாதமே வேறொரு வழக்கில், சூழலை மாசுபடுத்தியதற்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி, ஆலையை நடத்தவும் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஐந்து வருடம் கழித்து, 2018 மே 22 அன்று, போராட்டத்தின் நூறாவது நாளில் பொலிஸ் சுட்டது. 13 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த மாத முடிவில் ஆலை மூடப்பட்டது. திறக்கக் கேட்ட நிறுவனத்தின் மனுவை 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இப்ப போர்டுக்குத் திரும்பி வருவம். ஊர்ந்து போகிற அந்தக் கறுப்பு அரிப்பு செம்பு சல்பைட் என்றேன். அதே சேர்மம் சுரங்கத்தில் சால்கோசைட் என்ற பெயரில் செம்புத் தாதுவாகக் கிடைக்கும். அதாவது ஒரு ஊரின் காற்றைக் கெடுத்து, கந்தகத்தைப் பிரித்தெடுத்த செம்பு, இன்னொரு ஊரின் சாக்கடைக் காற்றில் திரும்பவும் கந்தகத்தோடு சேர்ந்து தாதுவாகிறது. போர்டு குப்பைக்குப் போகும். புதுப் போர்டு வேண்டும். புதுச் செம்பு வேண்டும். அதற்கு இன்னொரு உருக்காலை. இரண்டு முனையிலும் கந்தகத்தைச் சுவாசிக்கிறது ஒரே வகை ஆட்கள்.

இங்கே, சாரின் ஆற்றங்கரையில்

"அங்கே அப்படித்தான், இங்கே எல்லாம் சுத்தம்" என்று யாராவது நினைத்தால், ஒரு நாள் சாரின் ஆற்றோரமாக நடந்து போங்கோ. நகரத்துக்குப் பக்கத்தில் லா பிலா என்கிற பழைய குப்பை மேடு இருக்கு. 1952 முதல் 1973 வரை பாவித்தது. அதற்குள் பிசிபி என்கிற நஞ்சு கொட்டப்பட்டிருக்கு. பிசிபி அந்தக் காலத்தில் மின்தேக்கிகளுக்குள் ஊற்றின எண்ணெய். இதுவும் மின்னணுத் தொழிலின் கழிவுதான். மேடு மூடி முப்பது வருடத்துக்கு மேலே போய், 2007 இல் ஆற்று மீன்களில் பிசிபி கூடுதலாக இருப்பது தெரிய வந்தது. மீன்பிடி தடைசெய்யப்பட்டது.

இங்கே சாட்சி சொன்னது மீன். வித்தியாசம் என்ன? இங்கே மாசடைந்த நிலங்களைப் பதிவு செய்து, ஆராய்ந்து, ஆபத்து என்றால் துப்புரவாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கு. வேலை ஆமை வேகத்தில்தான் நடக்குது, யார் காசு கட்டுவது என்று இழுபறியும் இருக்கு. ஆனால் மீன் சொன்னதைக் கேட்காமல் விட கன்டோனுக்கு உரிமை இல்லை. டேட்டா சென்டரில் தகடு சொல்வதைக் கேட்க ஒப்பந்தம் இருக்கிறது போல, இங்கே சட்டம் இருக்கு. பெல்லந்தூரில் கறுத்த சிமிழ் சொன்னதைக் கேட்க யாருக்குக் கடமை? அதுதான் இன்றைய கேள்வி.

இரண்டு கேள்விகள்

*"அப்ப ஈயத்தைத் தடை செய்தது பிழையா?"*

இல்லை. இதில் ஏமாறக் கூடாது. ஒவ்வொரு தடைக்குப் பிறகும் தொழில்துறை "பாருங்கோ, மாற்றுப் பொருள் பழுதாகுது, விதிலக்குத் தாங்கோ" என்று வரும். ஈயம் தொழிற்சாலைப் பெண்ணின் இரத்தத்துக்குள் போனது, பழைய போர்டுகளை எரித்துப் பிரிக்கிற சிறுவனின் இரத்தத்துக்குள் போனது. அதை நிறுத்தினது சரி. வெள்ளி பழுதானதற்குக் காரணம் காற்றில் இருக்கிற கந்தகம். பிழை கந்தகத்தை விட்டவனிடம். பொறியியல் பக்கமும் வழிகள் இருக்கு: பூச்சின் தடிப்பைச் சரியாக வைக்கலாம், ஓரத்தில் செம்பு தெரியாமல் சோல்டரால் மூடலாம், கந்தகம் தாங்குகிற மின்தடைகளைப் பாவிக்கலாம், போர்டுக்கு மேலே பாதுகாப்புப் பூச்சுப் போடலாம். இவை விலை கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்.

*"நாங்கள் இங்கே இருந்து என்ன செய்யலாம்?"*

மூன்று விஷயம் சொல்லுறன்.

ஒன்று, தகடு. வெள்ளியும் செம்பும் வாங்கக்கூடிய பொருட்கள். ஊரில் சாக்கடைக்கும் ஆலைக்கும் பக்கத்தில் வேலை செய்கிற அமைப்புகளோடு எங்களுக்குத் தொடர்பு இருக்கு. ஒரே அளவுத் தகடுகளை ஒரே நாளில், ஒரே உயரத்தில், மழை படாமல், சந்தேகமான இடத்திலும் தூரத்தில் ஒரு நல்ல இடத்திலும் தொங்கவிட்டு, கிழமைக்கு ஒருக்கால் ஒரே வெளிச்சத்தில் படம் எடுக்கலாம். நீதிமன்றத்தில் இது மட்டும் போதாது. வெள்ளி எந்தக் கந்தக வாயுவால் கறுத்தது என்று அது தனியாகப் பிரித்துச் சொல்லாது, ஈரப்பதமும் வேகத்தை மாற்றும், சல்பர் டை ஆக்சைட் மட்டும் இருந்தால் வெள்ளி பெரிதாகக் கறுக்காது. ஆனால் "மணக்குது" என்கிற சொல்லுக்குப் பக்கத்தில் திகதி போட்ட படங்கள் இருந்தால், அளக்கிற கருவியைக் கொண்டு வா என்று கேட்கப் பலம் வரும். அந்த இடத்து ஆட்கள் கேட்டால் மட்டும், அவர்கள் முன்னுக்கு நிற்க, நாங்கள் பின்னுக்கு நின்று செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டு, எண். ஹைட்ரஜன் சல்பைட்டுக்குப் பொதுக் காற்றுத் தர அளவு வேண்டும், சாக்கடைக்குள் மனிதரை இறக்குவது நிற்க வேண்டும் என்று கேட்கிற இயக்கங்கள் ஊரில் இருக்கு. துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்தையும் சூழல் போராட்டத்தையும் நாங்கள் இரண்டு வேறு பெட்டியில் வைக்கிறோம். வாயு ஒன்றுதான். அறிக்கை எழுதும்போது சேர்த்து எழுதுவோம்.

மூன்று, இந்த நாடு. உலகத்தின் பெரிய செம்பு வியாபாரிகளில் ஒன்றான கிளென்கோர் சுக் கன்டோனில் இருக்கு. வெளிநாட்டில் செய்கிற சேதத்துக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும் என்ற நிறுவனப் பொறுப்பு முன்முயற்சி 2020 நவம்பர் 29 அன்று வாக்குக்கு வந்தது. மக்களில் 50.7 சதவீதம் ஆம் என்றார்கள், ஃப்ரிபூர்க் கன்டோனும் ஆம் என்றது, ஆனால் கன்டோன் பெரும்பான்மை கிடைக்காமல் தோற்றது. 2025 இல் புதிய முன்முயற்சி தொடங்கியிருக்கு. எங்கட அம்மா அப்பாமாரில் எத்தனையோ பேர் இப்ப சுவிஸ் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள், ஆனால் வாக்குக் கடித உறை மேசையிலேயே கிடக்கும். அந்த உறையைப் பிரித்து, தமிழில் விளங்கப்படுத்தி, தபாலில் போட வைப்பது எங்கட வேலை.

தகடு செய்முறையை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முதல் எல்லாருக்கும் அனுப்புறன். சரிபார்க்க இரண்டு பேர் வேணும், ஒருவர் வேதியியல் தெரியாதவராக இருந்தால் நல்லது. விருப்பமானவர்கள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கோ.

தோழமையுடன்.